மணவறை வானின் நடு இருக்கை

அப்பாவின் வானை வாகனப் பதிவிலிருந்து நீக்க மூன்று தாள்கள் தேவைப்பட்டன. வாகனப் பதிவின் இரண்டு பகுதிகளும் மேசை இலாச்சியில் கிடைத்தன. காப்புறுதி ஒப்பந்தம் அங்கே இல்லை. அதைத் தேடிக் களஞ்சியத்தின் பின்தட்டு வரைக்கும் போனபோது ஒரு நீலக் கோப்பு அகப்பட்டது.

அப்பாவின் பெயர் சிவகுருநாதன். அறுபத்தாறு வயது. ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மணவறை வாடகைக்குக் கொடுத்தவர். 2024 பெப்ரவரி இருபதாம் திகதி, செவ்வாய்க்கிழமை முற்பகல், களஞ்சியத்தில் ஒரு தூணுக்குப் பொன்னிறம் பூசிக்கொண்டிருந்தபோது இதயம் நின்றது. நிஷாந்தன் மாமா போய்ப் பார்த்தபோது தூரிகை இன்னும் ஈரமாக இருந்ததாம்.

நான் தேனுஜா, அவருடைய ஒரே பிள்ளை. ஸ்டுட்கார்ட்டில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். ஒரே பொருளை இரண்டு கருவிகள் அளந்து வெவ்வேறு எண்களைக் காட்டினால், எந்தக் கருவி பிழை, ஏன் பிழை என்று கண்டுபிடிக்க வேண்டும். அம்மா நான் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இறந்துவிட்டார். ஆகவே வானையும் களஞ்சியத்தையும் கணக்கு முடிக்க வேண்டியவள் நான்தான். இரண்டு வாரம் விடுமுறை எடுத்திருந்தேன்.

மணவறை என்றால் எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் மேடையின் தூண்கள், வளைவு, பின்திரை, யானைத்தலைகள், இரண்டு சிம்மாசனம். கழற்றினால் நாற்பத்தாறு துண்டுகள். அப்பா ஒவ்வொரு துண்டின் பின்புறமும் எண் எழுதியிருந்தார். வானுக்குள் எந்தத் துண்டு எங்கே படுக்கும், எந்தப் பட்டியால் கட்டப்படும் என்று ஒரு வரைபடம் பிளாஸ்டிக் உறைக்குள் கதவில் தொங்கியது. இறுக்குப் பட்டிகளும் எண்ணிட்டவைதான். நிஷாந்தன் மாமா அதை எப்போதும் கேலி செய்வார். அவர் அப்பாவுடன் இரண்டாவது வானை ஓட்டியவர்; அப்பாவுக்கு ஒன்பது வயது இளையவர்.

"கொப்பர் யானைத்தலைக்குக்கூட சீற் பெல்ற் போடுவார். மனுசர் கெஞ்சிக் கேட்டாத்தான் கதவைத் திறப்பார்" என்பார், என் அப்பாவைத்தான்.

அப்பா கலியாண வீட்டில் சாப்பிடமாட்டார். மேடையைக் கழற்றி வானில் ஏற்றி முடித்த பிறகு, மண்டபத்தின் பின்கதவடியில் நின்றுகொண்டு ஒரு பெட்டிச் சோறு. பெண் வீட்டார் கோபித்தாலும் அப்படித்தான். அதிகம் பேசமாட்டார். ஆனால் யாராவது கடிதத்தோடு வந்தால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வேலை அலுவலகக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், வதிவிட விண்ணப்பம், எதுவானாலும். எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் மற்றவர்களின் கடித உறைகள் எப்போதும் கிடந்தன.

நீலக் கோப்பில் இரண்டு காகிதங்கள் இருந்தன. காப்புறுதி ஒப்பந்தம் இல்லை.

முதலாவது, வாகனக் காப்புறுதி நிறுவனத்துக்கான விபத்து அறிவிப்புப் படிவம். அப்பாவின் கையெழுத்தில் முழுவதும் நிரப்பியது. திகதி: 16.09.2023, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று பத்து. காயப்பட்டவர்: அன்ரனிற்றா, வானின் முன்வரிசை நடு இருக்கையில் இருந்தவர், பட்டி அணிந்திருந்தார். காயம்: வலது கை. விபத்து எப்படி நடந்தது என்ற கட்டத்துக்குள் ஜேர்மன் மொழியில் மூன்று குறுகிய வசனங்கள்: நான் சமிக்ஞை விளக்கில் திடீரென நிறுத்தினேன். தூண் ஏழும் எட்டும் கட்டப்படவில்லை. அது என் பிழை. கீழே பேனையால் வரைந்த படம்: வான், இருக்கைகள், தூண் முன்னே வந்த பாதை அம்புக்குறியாக. கையொப்பமும் இருந்தது. அனுப்பப்படவில்லை. மூலப் படிவமே கோப்பில்தான் இருந்தது.

இரண்டாவது, 1993இல் ஒரு நிர்வாக நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் நான்காம் பக்கம். அந்த ஒரு பக்கம் மட்டும். ஒரு வரியின் கீழே கோடு. அது எதற்கு அங்கே என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அப்பாவோடு கலியாண வேலைக்குப் போகும் அன்ரனிற்றா அன்ரியின் கை காயப்பட்டது எனக்குத் தெரியும். வீட்டுப் படியில் விழுந்துவிட்டார் என்றுதான் அப்பா தொலைபேசியில் சொன்னார். ஒரே கை, இரண்டு கதை.

நிஷாந்தன் மாமாவிடம் படிவத்தைக் காட்டினேன். அவர் படத்தின் அம்புக்குறியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு களஞ்சியத்தில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு சிம்மாசனத்தை நிமிர்த்தி அதிலே உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

அன்ரனிற்றா அன்ரி மாலை கட்டுபவர். மணவறைக்கு வேண்டிய பூவேலை முழுவதும் அவருடையது. யாழ்ப்பாணக் கரையோரக் கத்தோலிக்கக் குடும்பம். சைவக் கலியாணங்களுக்கு இந்த வட்டாரத்தில் அவரைவிட நன்றாக மாலை கட்டுபவர் இல்லை. கார் ஓட்டத் தெரியாது. மண்டபத்துக்கு மண்டபம் அப்பாவின் வானில்தான் போவார். அப்பாவிடம் சம்பளத்துக்கு நின்றவர் அல்லர். பூவேலை அவருடைய பெயரில் பதிந்த தொழில். அன்றைக்கு ஒரே நாளில் இரண்டு விசேஷம். டோர்ட்முண்டில் காலைக் கலியாணம் பிந்திவிட்டது. ஹெர்னவில் மாலையில் ஒரு பிள்ளையின் பூப்புனித விழா; அந்தச் சாமத்தியவீட்டுக்காரர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டார்கள். நாற்பத்தாறு துண்டில் நாற்பத்துநான்கைக் கட்டியாயிற்று. மற்ற இரண்டையும் மேலே கிடத்திவிட்டுக் கதவைச் சாத்தினார் அப்பா. இருபது கிலோமீற்றர்தானே.

விளக்கு மஞ்சளானது. முன்னால் போன கார் போகும் என்று அப்பா நினைத்தார், அது நின்றது. அப்பா பிரேக்கை மிதித்தார். தாமரை மொட்டுப் பெட்டி இருக்கைக்குப் பின்னால் சரிகிறதே என்று அன்ரி வலது கையைப் பின்னால் நீட்டினார். பூப்பெட்டியைத் தாண்டித் தூண் வந்தது. சுட்டுவிரலும் நடுவிரலும் தூணுக்கும் இருக்கையின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் நசிந்தன. முன்கார் தொடப்படவில்லை. பொலிஸ் வரவில்லை. அப்பா நேராக மருத்துவமனைக்கு ஓட்டினார். பின்னால் தன் வானில் நிஷாந்தன் மாமா.

"ஆசுப்பத்திரி உள்ளுக்கை பதிவெழுதின பிள்ளை கேட்டாள், எப்பிடி நடந்தது எண்டு. அன்ரனிற்றா வாயைத் திறந்தாள்: படியிலை விழுந்தனான். கொப்பர் பக்கத்திலை நிண்டவர். நானும் நிண்டனான்."

"நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவள் சொல்லிப்போட்டாள். முதல் சொன்னதை மாத்தலாமோ?"

அந்த வாக்கியத்தை நான் பிறந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். முதல் சொன்னதை மாற்றக்கூடாது. எங்கள் ஆட்களிடம் அது ஒரு சட்டம். எந்த அலுவலகமானாலும் முதல் நாள் சொன்ன திகதி, சொன்ன பெயர், சொன்ன காரணம், அதோடு நிற்க வேண்டும். மாற்றினால் பொய்யர்.

சில வாரங்கள் கழித்து அன்ரியின் நோய்க் காப்புறுதியிலிருந்து, நாங்கள் காஸ என்று சொல்வது, ஒரு கேள்விக்கொத்து வந்தது. விபத்தில் வேறு யாராவது சம்பந்தப்பட்டார்களா? யாருடைய வாகனமாவது? அன்ரி இல்லை, இல்லை என்று புள்ளடி போட்டு அனுப்பினார். நவம்பரில் அப்பா இந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டு அவரிடம் போனார். அன்று நடந்த சண்டையை நிஷாந்தன் மாமா அடுத்த அறையிலிருந்து கேட்டார். நீங்கள் இதை அனுப்பினால் நான் இரண்டு அலுவலகத்துக்கும் பொய்க்காரி, என்னுடைய காஸவையே வெட்டிவிடுவார்கள் என்று அன்ரி அழுதாராம். அப்பா படிவத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்தவை: வானுக்குள் இருக்கைகளுக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு ஒன்றைப் பொருத்தினார். நடு இருக்கையைக் கழற்றினார். செவ்வாயும் வெள்ளியும் அன்ரியைக் கைச் சிகிச்சைக்கு ஏற்றி இறக்கினார். சனம் கதைத்தது. தாரமிழந்தவர், கணவரை விட்டுப் பிரிந்தவர், கிழமைக்கு இரண்டு தரம் ஒரே வானில். அப்பா கதையைக் கேட்டும் நிறுத்தவில்லை.

அவர் இறந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்ரி அன்றைக்குச் சிகிச்சைக்குக் காத்திருந்திருக்கிறார்.

அடுத்த நாள் அன்ரியைப் பார்க்கப் போனேன். இரண்டு அறை வீடு, மூன்றாம் மாடி. தேநீரை இடது கையால் ஊற்றினார். வலது கை மடியில் கிடந்தது. சுட்டுவிரலும் நடுவிரலும் நீட்டியபடியே நின்றன. எலும்பு பொருந்திவிட்டது, தசைநாண் வடுவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கை மருத்துவர் மறுபடி வெட்டி ஒட்டலை விடுவிக்கலாம் என்று சொல்லியிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. வெட்டிய அடுத்த நாளிலிருந்து ஆறு கிழமை, நாள் தவறாமல் சிகிச்சை. இல்லையென்றால் பழையபடி ஒட்டும், முன்பைவிட மோசமாக. அதற்குக் கைச் சிகிச்சை நிலையம் ஒன்றில் தங்க வேண்டும். காஸ கிழமைக்கு இரண்டு தரம்தான் தரும் என்று எழுதிவிட்டது. மே மாதத்துக்கு டெர்மின், அதாவது சத்திரசிகிச்சைக்கு நாள், கொடுத்திருந்த மருத்துவர், தினசரிச் சிகிச்சைக்கு வழி இல்லையென்றால் கத்தி வைக்கமாட்டேன் என்றார். இனியும் தள்ளினால் மூட்டே இறுகிவிடும். பிறகு வெட்டியும் பயனில்லை.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மாலை கட்டுகிறவருக்கு நார் சுற்றுவது அந்த இரண்டு விரல்தான்.

நான் அதன்பின் வானின் காப்புறுதி முகவரிடம் போனேன். போன காரணம் ஒப்பந்தத்தை முடிப்பது. ஆனால் இன்னொன்றும் கேட்டேன்: ஓட்டுநரின் பிழையால் வானுக்குள் இருந்தவர் காயப்பட்டால் யார் பொறுப்பு? முகவர் ஒரு நடுவயதுப் பெண். ஒப்பந்தத்தைத் திரையில் திறந்தார். கட்டாயக் காப்புறுதியே போதும் என்றார். அது எதிரே வருகிறவருக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள்; உள்ளே இருக்கும் பயணிக்கும் உரியது. பயணி ஓட்டுநரின் பிழையை நிரூபிக்கவும் தேவையில்லை. காஸ தராத சிகிச்சை, தங்கிச் செய்யும் பயிற்சி, வீட்டு வேலைக்கு உதவியாள், இழந்த வருமானம், எல்லாம் அதற்குள் வரும். உங்கள் அப்பா அதற்கு மேலே பயணிகளுக்கான தனி விபத்துக் காப்புறுதி ஒன்றும் எடுத்திருக்கிறார், அது அனேகமாகத் தேவையே இல்லை, நானே அவரிடம் சொன்னேன், அவர் கேட்கவில்லை என்றார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"என்னுடைய வானில் மற்ற வீட்டுப் பெண்கள் ஏறுகிறார்கள் என்றார்."

முகவர் தொடர்ந்தார். அறிவிப்பு பிந்திவிட்டது, ஆனால் காயப்பட்டவரின் உரிமை அதனால் போகாது. அவர் தானே கோர வேண்டும். விபத்து எப்படி நடந்தது என்பதில் காகிதங்கள் ஒத்துப்போக வேண்டும்.

காகிதங்கள் ஒத்துப்போகவில்லை. மருத்துவமனை அறிக்கையில் படி. காஸவின் கேள்விக்கொத்தில் படி. அப்பாவின் படிவத்தில் வான்.

படிவத்தோடு மறுபடியும் மூன்றாம் மாடிக்குப் போனேன். முகவர் சொன்னதை ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். ஆறு கிழமைச் சிகிச்சை கிடைக்கும் என்றேன். அன்ரி படிவத்தை இடது கையால் என் பக்கம் தள்ளினார்.

"செத்த மனுசனிலை பழி போடச் சொல்லுறியோ?"

"அவரே எழுதி வைச்சிருக்கிறார், அன்ரி."

"அவர் எழுதுவார். நான் எழுதமாட்டன். ஆர் செய்தது எண்டு கேட்டு ஒரு கட்டம் கிடக்கு. அதுக்குள்ளை சிவகுரு அண்ணையின்ரை பேரை நான் எழுதுறதோ? எனக்கு இந்த நாட்டிலை முதல் சோறு தந்த மனுசன்."

"இது வழக்கில்லை. காப்புறுதி."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் படி எண்டு ரெண்டு தரம் எழுத்திலை குடுத்திட்டன், பிள்ளை. இனி மாத்த ஏலாது. மாத்தினா என்ன நடக்கும் எண்டு எனக்குச் சொல்லித் தந்ததே கொப்பர்தான்."

1991இல் அன்ரி அகதி விடுதிக்கு வந்தபோது அப்பா ஞாயிறுகளில் அங்கே போவாராம். சமையலறையில் புதிதாக வந்தவர்களை வரிசையாக உட்கார்த்தி, விசாரணைக்கு ஒத்திகை பார்ப்பார். எந்தத் திகதி வெளிக்கிட்டாய், எந்த வழியால் வந்தாய். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் ஒன்று சொன்னால் மேசையில் தட்டுவார். நிஷாந்தன் மாமாவும் அந்த வரிசையில் இருந்தவர்தான்.

நான் எழுந்து வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. நாற்பத்தாறு துண்டுக்கும் எண் போட்ட மனிதர் அன்றைக்கு இரண்டைக் கட்டாமல் விட்டார் என்பது எந்த அலுவலகத்திலும் பதியப்படாமலே போகலாம். அப்பா கவனமானவராகவே இருந்துவிடலாம்.

பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றபோது அந்த எண்ணத்தின் விலை தெரிந்தது. இரண்டு விரல்.

அன்று பிற்பகல் தீர்ப்பின் பக்கத்தை முதல் தடவையாக ஒழுங்காக வாசித்தேன். அப்பா 1985இல் பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியவர். அகதி விசாரணையில், வீட்டைவிட்டு வெளிக்கிட்டது செவ்வாய் என்றார். அது வியாழன். தூக்கமில்லாத வாய் சொன்ன பிழை. இரண்டாம் விசாரணையில் வியாழன் என்று சொல்லிவிட்டார். இரண்டும் முரண்; நம்பத்தகுந்தவர் அல்லர்; நிராகரிப்பு. 1993இல் இந்த நீதிமன்றம் அந்த நிராகரிப்பை மாற்றும்வரை எட்டு ஆண்டுகள் தற்காலிக வதிவிடத் தாளில் வாழ்ந்தார். அந்தச் சட்டம் பிறந்தது அங்கேதான். அதை அவர் ஞாயிறுகளில் மற்றவர்களுக்குக் கொடுத்தார்.

கோடிட்ட வரி இது: கேட்டபோது மனுதாரர், நாட்களைக் குழப்பிவிட்டேன், முதலில் சொன்னது பிழை என்று தயங்காமல் ஒப்புக்கொண்டார், இது அவருடைய நம்பகத்தன்மையைக் கூட்டுகிறது.

கோட்டின் மையும் படிவத்தின் மையும் ஒரே நீலம். அப்பா இரண்டையும் ஒன்றாக வைத்திருந்ததன் காரணம் அப்போது விளங்கியது. இன்னொரு முறை அன்ரியிடம் போகத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார். தன்னுடைய சட்டம் பிழை என்று 1993இலேயே அவருக்குத் தெரியும். ஒத்திகை பார்த்த யாருக்கும் அதைச் சொல்லவில்லை. ஒருவேளை வெட்கம். ஒருவேளை எல்லாரும் தப்பிவிட்டார்கள், இனி எதற்கு என்று நினைத்திருக்கலாம். எனக்குத் தெரியாது, கேட்க ஆள் இல்லை.

நிஷாந்தன் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தை அன்ரியின் முன்னால் வைத்து, வரியைத் தமிழில் சொன்னேன். இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

"அப்ப மாத்தினவரோ?"

"ஓம். மாத்தினதாலைதான் தாள் கிடைச்சது."

அன்ரி நிஷாந்தன் மாமாவைப் பார்த்தார். "உமக்குத் தெரியுமோ?"

"எனக்கெங்கை தெரியும். முப்பது வருசமா நான் என்ரை பிறந்த திகதியைக்கூடப் பிழையா வைச்சுக்கொண்டு திரியிறன். மாத்தப் பயம். பிறந்தநாளுக்கு மனுசி தாற கேக்கே வேறை மாதத்திலைதான்."

அன்ரி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பக்கத்தை இடது கையால் தன் அருகே இழுத்தார். பிறகு, நாளைக்குக் காஸ எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார்.

காஸ அலுவலகக் கருமபீடத்தில் இருந்தவர் இளம் பெண். அன்ரி என்னைப் பேசவிடவில்லை. தன்னுடைய ஜேர்மனில், ஒவ்வொரு சொல்லாக, நான் பிழையாக எழுதிவிட்டேன், படியில் விழவில்லை, வானில் நடந்தது என்றார். பெண் திரையில் கோப்பைத் திறந்தார். அன்ரியின் இடது கை என் முழங்கையை இறுக்கியது. ஏன் அப்படி எழுதினீர்கள் என்று பெண் கேட்டார். கேட்கத்தான் வேண்டும்.

"ஓட்டினவர் நல்ல மனிதர்" என்றார் அன்ரி. "அதனால் பொய் சொன்னேன்."

பெண் விசைப்பலகையை அருகே இழுத்தார். பிறகு தட்டச்சுச் செய்தார். நான் திரையை ஓரமாக வாசித்தேன்: ஓட்டுநர் மீதுள்ள அக்கறையால் முதல் தகவல் தவறாகக் கொடுக்கப்பட்டது, திருத்தப்படுகிறது. அவ்வளவுதான் வரி. புதிய கேள்விக்கொத்தை அச்சிட்டுத் தந்தார். ஓட்டுநரின் பெயருக்கான கட்டத்தில் அன்ரி இடது கையால் எழுதினார். பெரிய, சரிந்த எழுத்துகள். முகவரிக்கான கட்டத்தில் நிறுத்தி, காலமாகிவிட்டார் என்றார். வாரிசு யார் என்று பெண் கேட்டார். நான்தான் என்று சொல்லிக் கையொப்பமிட்டேன்.

அப்பாவின் படிவத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நிஷாந்தன் மாமா சாட்சிக் கடிதம் கொடுத்தார். அவர்கள் உடனே நம்பவில்லை. இறந்தவரின் அனுப்பாத படிவம், மாற்றிய வாக்குமூலம். நானாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். முடிவில் கை மருத்துவரின் பழைய குறிப்பு ஒன்று உதவியது. முதல் நாளே அவர் எழுதியிருந்தார்: காயம் நசிந்த வகை, நோயாளி சொல்லும் படிக்கட்டு விழுகையோடு முழுமையாகப் பொருந்தவில்லை. அவருக்கு அன்றைக்கே தெரியும். யாரும் அவரிடம் கேட்கவில்லை. மே மாத டெர்மின் தவறியது. ஜூன் பதினெட்டாம் திகதி வெட்டினார்கள். அடுத்த நாளே அன்ரி கைச் சிகிச்சை நிலையத்தில் சேர்ந்தார். செலவைக் காப்புறுதி ஏற்றது.

நான்காம் கிழமை போய்ப் பார்த்தேன். சிகிச்சையாளர் சிறிய பாகைமானியை மூட்டில் வைத்து அளந்தார். சுட்டுவிரல் நடுமூட்டு எழுபத்திரண்டு பாகை. வரும்போது பதினெட்டு. நடுவிரல் முப்பத்தொன்பது, அது அதற்குமேல் அதிகம் போகாது என்று ஒளிக்காமல் சொன்னார். நார் சுற்றுவதைச் சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் பழக்க வேண்டும். பழைய வேகம் வராது. சிறிய மாலை வரலாம்.

பயிற்சி வலிக்கும். தடித்த களிமண் போன்ற ஒன்றைப் பிசைய வேண்டும், நூறு தரம். அன்ரி பல்லைக் கடித்துக்கொண்டு பிசைந்தார். எழுபதோ எண்பதோ எண்ணும்போது கையை மேசையில் போட்டார். கண் நிறைந்திருந்தது. கோபம்.

"ஏன் கட்டாமல் விட்டவர் அந்த மனுசன்?"

நான் களிமண்ணை மேசை ஓரத்துக்கு நகர்த்தினேன்.

"ரெண்டு பட்டி. ரெண்டு நிமிசம். அவங்கள் கோல் எடுத்தா எடுக்கட்டும் எண்டு கட்டியிருக்கலாமே. ஊருக்கெல்லாம் கட்டுக் கட்டெண்டு சொல்லுற மனுசன்."

பத்து மாதத்தில் அவர் அப்பாவைத் திட்டியது அதுதான் முதல் தடவை. சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாது. நோகிறதா என்று கேட்டார். அன்ரி இல்லையென்று தலையசைத்தார்.

"ஓம் அன்ரி," என்றேன். "கட்டியிருக்க வேணும்."

அப்பாவைப் பற்றி அவர் இறந்த பிறகு பலர் என்னிடம் வந்து பேசினார்கள். எல்லாரும் நல்லதே சொன்னார்கள். அவை எதிலும் நான் அவரைக் காணவில்லை. அந்த அறையில், களிமண்ணுக்கும் பாகைமானிக்கும் நடுவில், அவர் இருந்தார்: தொலைபேசி அடித்துக்கொண்டேயிருக்க, கதவைச் சாத்தலாமா என்று ஒரு கணம் யோசித்து, சாத்திய மனிதர்.

அன்ரி மூக்கைத் துடைத்தார். களிமண்ணை மறுபடி எடுத்தார். எண்பத்தொன்றா எண்பத்திரண்டா என்று என்னிடம் கேட்டார். நானும் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். எண்பதிலிருந்து தொடங்கச் சொன்னேன்.